குறியும் குற்றமும்

பெரியப்பா காலமான பதினாறாம் நாள், கருமாதி முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு, அவர் விட்டுச் சென்றவற்றைக் கணக்கெடுக்க உட்கார்ந்தோம். கணக்கெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. பச்சைமலை அடிவாரத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம். ஓர் ஓட்டு வீடு. ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்று. ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் பத்திரங்களுக்கு மேலே, நான்காக மடித்து, ஒரு ரசீது இருந்தது. 2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலை முன்னிட்டு, உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்ததற்கான ரசீது அது.

தேர்தல் வந்தால் உரிமக்காரர்கள் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைப்பதும், முடிந்ததும் வாங்கி வருவதும் வழக்கம். மற்றவர்கள் எல்லாரும் வாங்கிப் போய்விட்டார்கள். பெரியப்பா மட்டும் போகவில்லை. ஆவணியில் அவரும் போய்விட்டார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி மகனாகிய நானே வாரிசு. உரிமத்தை என் பெயருக்கு மாற்றித் தரும்படி மனுச் செய்யலாம். அல்லது வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடலாம். இரண்டில் ஒன்றை நான் தீர்மானிக்க வேண்டும். பேனாவைத் தவிர வேறெதையும் குறி பார்த்துப் பிடித்தறியாத ஒருவனுக்கு இதென்ன சோதனை என்று நீங்கள் சிரிக்கலாம். முதலில் நானும் சிரித்தேன். ஆனால் யோசிக்க யோசிக்கச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அந்தத் துப்பாக்கியை நான் சிறு வயதிலிருந்தே அறிவேன். குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈய ரவைகளைப் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் பழைய வகை அது. பயிர்க் காவலுக்காகக் கொடுக்கப்பட்டது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திலேயே, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து இடும் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் உண்டு என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. அந்நாளில் பெரம்பலூர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது. உரிமத்தைப் புதுப்பிக்கப் பெரியப்பா திருச்சிக்குப் பஸ் ஏறுவார். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமான பிறகுதான் அந்த அலைச்சல் தீர்ந்தது.

சுட்டது கொஞ்சம், துடைத்தது அதிகம். கருமருந்து எரிந்த கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும். ஆகையால் ஒரு தடவை வெடித்தாலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிக் குழலைக் கழுவி, கம்பியில் துணியைச் சுற்றி ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். வெடிக்காவிட்டாலும் அமாவாசைக்கு அமாவாசை அவர் அதைச் செய்வார். ஆயுத பூஜையன்று கலப்பை, அரிவாள், மண்வெட்டி வரிசையில் அதற்கும் சந்தனப் பொட்டு உண்டு.

இந்தக் காலத்துத் துப்பாக்கிக்கும் இதே தொண்டு நடக்கிறது என்பதை என் அக்காள் மகன் மூலம் தெரிந்துகொண்டேன். அக்காளை அரியலூரில் கொடுத்திருக்கிறது. அவள் மகன் அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்தில் இருக்கிறான். அந்த நாட்டுக் குடிமகனாகவும் ஆகிவிட்டான். விடுமுறைக்கு வந்திருந்தவனிடம் துப்பாக்கிச் செய்தியைச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது.

“கட்டாயம் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மாமா. என்னிடமும் ஒன்று இருக்கிறது” என்றான்.

தன் கைபேசியில் படத்தைக் காட்டினான். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி. நம் நாட்டில் அந்த அளவு சாதாரண மக்களுக்கு விலக்கப்பட்டது. அங்கே அது கடைச் சரக்கு. 2021 செப்டம்பரிலிருந்து டெக்ஸஸில், சட்டம் தடுத்த சிலரைத் தவிர, இருபத்தொரு வயதானவர்கள் தனி அனுமதி இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம்.

அந்தத் துப்பாக்கியின் முதுகில் சிறிய கண்ணாடிச் சன்னல் போல ஒன்று பொருத்தப்பட்டிருந்தது.

“இதுதான் சிவப்புப் புள்ளி. இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இலக்கின்மேல் ஒரு செம்புள்ளி தெரியும். புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போகும்” என்றான்.

அதன் சூட்சுமத்தையும் விளக்கினான். ஒரு சிறு விளக்கின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டுச் சுடுபவனின் கண்ணுக்குத் திரும்புகிறது. கண்ணாடியின் மேற்பூச்சு அந்தச் சிவப்பை மட்டும் திருப்பி, மற்ற ஒளியை உள்ளே விடுகிறது. ஆகவே புள்ளி வெகு தூரத்தில் மிதப்பது போலத் தோன்றும். தலை சற்று அசைந்தாலும் குறி பெரிதாகப் பிசகாது. பழைய துப்பாக்கியில் பின்னாலிருக்கும் பள்ளம், முன்னாலிருக்கும் முனை, அப்பாலுள்ள இலக்கு என்ற மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். இதில் புள்ளியை இலக்கில் வைத்தால் போதும். ஒரு கண்ணை மூடவும் தேவையில்லை. இந்தத் தத்துவத்தை 1900-ஆம் ஆண்டிலேயே ஹோவர்ட் கிரப் என்ற அயர்லாந்துக்காரர் கண்டுபிடித்திருந்தார். மின்விளக்கு வைத்த இன்றைய வடிவம் 1975-இல் ஸ்வீடனில் எய்ம்பாயிண்ட் என்ற நிறுவனத்திலிருந்து வந்தது.

“பராமரிப்பு?” என்று கேட்டேன். பெரியப்பாவின் வெந்நீர் என் நினைவில் இருந்தது.

“அது இல்லாமலா? சுட்டு முடித்ததும் பிரித்துத் துடைத்து எண்ணெய் போடுவேன். கண்ணாடியில் தூசி, கைரேகை இருக்கக் கூடாது. திருகாணிகள் அதிர்ச்சியில் தளரும். அதற்காக ஒரு சாயக் கோடு போட்டு வைத்து, கோடு விலகியிருக்கிறதா என்று பார்ப்பேன். குறித்த தூரத்தில் சுட்டுப் பார்த்துப் புள்ளியும் குண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சரிசெய்வேன். காசு மாதிரி ஒரு சின்ன பாட்டரி. அது தீர்ந்தால் புள்ளியும் மறைந்துவிடும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, தீராவிட்டாலும், மாற்றிவிடுவேன். எந்த நாளில் தெரியுமா? ஆயுத பூஜையன்று!”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடல் கடந்து, குழல் மாறி, மருந்து மாறி, அந்தச் சந்தனப் பொட்டு மட்டும் மாறாமல் போயிருக்கிறது. பொட்டின் நிறந்தான் சிவப்பாகிவிட்டது.

ஒன்று மட்டும் கேட்டேன்: “அந்தப் புள்ளி எதிரே இருப்பவன்மேல் விழுமா? அவனுக்குத் தெரியுமா?”

“இல்லை, மாமா. லேசர் என்றால் அவன்மேல் விழும். இது என் கண்ணுக்கு மட்டுந்தான்.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இரவு என்னைத் துரத்திக்கொண்டு வந்தது.

ஐப்பசி மாதம். எனக்குப் பத்து வயதிருக்கும். கடலை முற்றிப் பிடுங்கும் தருவாயில் இருந்தது. மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி, ஒரே இரவில் கால் காணியை உழுதுபோட்டுவிடும். பெரியப்பா பரண்மீது காவலிருந்தார். அடம் பிடித்து நானும் ஏறியிருந்தேன். பன்றியைக் கொல்வது அவர் எண்ணமல்ல; வெற்று வெடி போட்டு விரட்டுவதே வழக்கம். ஆனால் அந்த வாரம் இரண்டு முறை பயிர் அழிந்திருந்தது. வட்டிக்கு வாங்கிய விதைக் கடலை. அன்று குழலில் ரவை இருந்தது.

நடுச்சாமத்துக்கு மேல் சப்தம் கேட்டது. கொடி பிடுங்கும் சப்தம், மண் உதிரும் சப்தம், மெல்லும் சப்தம். இருட்டில் ஒரு கறுத்த முதுகு குனிந்து நகர்ந்தது. பெரியப்பா துப்பாக்கியை எடுத்தார். குதிரையை இழுத்தார். அவருக்கு அப்போதே வலது கண்ணில் பார்வை சற்று மங்கல். குழலின் நுனி இருட்டோடு இருட்டாக இருந்தது. நுனியைத் தேடினார், முதுகைத் தேடினார், இரண்டையும் சேர்க்கப் பார்த்தார். மூச்சை அடக்கியிருந்த நான் மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன்: “சீக்கிரம், சீக்கிரம்.”

அப்போது அந்தப் பன்றி இருமியது.

பெரியப்பாவின் கை தாழ்ந்தது. வெகு நேரம் அவர் பேசவில்லை. பிறகு பரணிலிருந்து இறங்கிப் போனார். அடுத்த கொல்லையில் பண்ணையாளாக இருந்த பையன். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவன். பசிக்குக் கடலை பிடுங்கித் தின்றுகொண்டிருந்தான். ஓடக்கூட வலுவில்லாமல் உட்கார்ந்துவிட்டான். பெரியப்பா அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. தன் துண்டை விரித்து, அது நிறையக் கடலையைப் பிடுங்கிப் போட்டு மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். கட்டும்போது அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அந்தப் பையன் இன்று லாரி ஓட்டுகிறான். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்துவிட்டான். என்னைக் கண்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் என் காதில் ஓர் இருமல் கேட்கும்.

காலையில் மருமகனிடம் இதைச் சொன்னேன். “அன்று பெரியப்பாவின் துப்பாக்கியில் உன் சிவப்புப் புள்ளி இருந்திருந்தால் இருமலுக்கு நேரம் இருந்திருக்காது” என்றேன்.

அவன் கோபிக்கவில்லை, யோசித்துத்தான் பதில் சொன்னான்.

“மாமா, நீங்கள் கருவியின் குறையைப் புண்ணியமாக்குகிறீர்கள். எங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடமே, எதிரே இருப்பது என்ன, அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்று உறுதியாகத் தெரியாமல் விரலை விசைமேல் வைக்காதே என்பதுதான். இருட்டென்றால் முதலில் விளக்கை அடித்துப் பார்ப்போம். இரண்டு கண்ணும் திறந்திருப்பதால் சுற்றிலும் நடப்பதும் தெரியும். பெரிய தாத்தா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு மங்கலான கண்ணால் ஊகித்துச் சுடப் பார்த்தார். அந்தப் பையன் பிழைத்தது தர்மத்தாலல்ல, இருமலால். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருடர்கள் கதவை உடைத்தார்கள். போலீஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் மனைவியும் குழந்தையும் இருக்கிற வீட்டில் நான் இருமலை நம்பியா இருப்பது?”

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் எழுதுவது கட்டுரையாகாது, ஒருதலை வழக்காகிவிடும். ஆயுதம் இல்லாதவன் பிறர் கருணையில் வாழ வேண்டியிருக்கிறது என்பதைச் சரித்திரமும் சொல்கிறது. பெரம்பலூருக்கு வடக்கே, நெடுஞ்சாலைக்கு அருகில் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். 1751-இல் அதன் அருகே வாலிகண்டபுரத்தில் வெள்ளையர் இரு தரப்பாக நின்று நம் மண்ணுக்காகச் சண்டையிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1801-இல், தென்னாட்டுப் பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கக் கும்பினி கட்டளையிட்டது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. அகிம்சையே உருவான காந்தியடிகள்கூட அந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். ஆகவே துப்பாக்கி வைத்திருப்பவன் எல்லாம் கொடியவன் என்றோ, வைத்திராதவன் எல்லாம் சாது என்றோ நான் சொல்ல வரவில்லை.

நான் சொல்ல வருவது வேறு. நம் புராணங்களில் வில்லாளிகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் குறி தப்பியதால் கெட்டவன் யார்? தசரதனை நினைத்துப் பாருங்கள். சப்தத்தைக் கேட்டே அம்பெய்யும் வித்தை அவனுக்குக் கைவந்திருந்தது. சரயு நதிக்கரையில், இருட்டில், குடத்தில் நீர் மொள்ளும் சப்தத்தை யானை நீர் குடிக்கும் சப்தமென்று எண்ணினான். அம்பு தப்பவில்லை, எண்ணந்தான் தப்பிற்று. குருட்டுப் பெற்றோருக்குத் தண்ணீர் எடுக்க வந்த மகன் இறந்தான். கொஞ்சம் மட்டமான வில்லாளியாகத் தசரதன் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருப்பான்.

உலகில் குறி தப்பியதால் விளைந்த துன்பம் உண்டு. ஆனால் குறி தப்பாததால் விளைந்த துன்பமே பெரிது. குறி என்பது “எங்கே” என்ற கேள்விக்கு விடை. “எது”, “ஏன்” என்ற கேள்விகளுக்கு அதனிடம் விடை கிடையாது. மனிதன் தன் புத்தியையெல்லாம் செலவிட்டு “எங்கே” என்பதை எளிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறான். கல்லெறிந்தவன் கையை நம்பினான். வில்லெடுத்தவன் கண்ணை நம்பினான். இன்று ஒரு பாட்டரியை நம்பினால் போதும். ஆனால் “எது”, “ஏன்” என்ற இரண்டும் தசரதன் காலத்தில் எவ்வளவு கடினமாக இருந்தனவோ அவ்வளவு கடினமாகவே இன்றும் இருக்கின்றன. முன்பெல்லாம் குறி பார்க்க ஆகும் நேரத்தில், யோசிக்கவும் கொஞ்சம் நேரம் இலவசமாகக் கிடைத்தது. இப்போது அந்த நேரத்தை நாமே சம்பாதித்தாக வேண்டும்.

என் மருமகன் அதைச் சம்பாதித்து வைத்திருக்கிறான் என்றே நம்புகிறேன். விளக்கை அடிப்பேன் என்கிறானே, அது நல்ல வார்த்தை. ஆனால் துப்பாக்கியின் முன்னே வந்து நிற்பவர்கள் எல்லாரும் கதவை உடைத்து வரும் திருடர்களல்லர். அவன் வாழும் நாட்டில் 2021-ஆம் ஆண்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். அங்கே விளக்கு அடித்து என்ன பயன்? எதிரே யார் என்று தெரிந்துதான் இருந்தது. கெட்ட நேரம் ஒன்று வந்து போகும் வரையில் காத்திருக்கக் கையில் வேலை இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

நாங்கள் அக்காள் வீட்டுத் திண்ணையில்தான் பேசிக்கொண்டிருந்தோம். தூரத்தில் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போயிற்று. அரியலூரில் ரயிலின் கூவலைக் கேட்டால் 1956 நவம்பர் 23 நினைவுக்கு வராமல் இராது. மருதையாற்று வெள்ளத்தில் பாலம் பெயர்ந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமாச் செய்தார். பாலத்தைக் கட்டியது அவரா? மழையைப் பெய்வித்தது அவரா? இல்லை. ஆனால் அது தம் பொறுப்பில் இருந்தது என்று அவர் எண்ணினார். கை செய்ததற்கு மட்டுமல்ல, காவலில் இருந்ததற்கும் மனிதன் பதில் சொல்ல வேண்டும் என்பதை இந்த அரியலூர் மண்ணில் நடந்த துயரத்துக்காக ஒருவர் செய்து காட்டினார்.

பெரியப்பாவும் தம்மளவில் அதைச் செய்தார். அந்த ஐப்பசி இரவுக்குப் பிறகு அவர் குழலில் ரவை போட்டதில்லை. பரணுக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோவார். ஆனால் சப்தம் கேட்டால் கை முதலில் அதற்குப் போகாது. “யாரது?” என்று கூவுவார். பதில் இல்லாவிட்டால் இன்னொரு தரம். பிறகு மூன்றாந்தரம். பன்றியாக இருந்தால் முதல் குரலிலேயே ஓடிவிடும். மனிதனாக இருந்தால் மூன்றாம் குரலிலாவது வாய் திறப்பான். வீட்டுத் தோட்டத்தில் பூனை உருட்டினாலும் மூன்று தரம் கேட்பார். ஊரில் அதற்காக அவரைக் கேலி செய்வார்கள். துப்பாக்கி செய்யாத காவலை அவர் தொண்டை முப்பது வருஷம் செய்தது.

அப்படியானால் எதற்காக அமாவாசைதோறும் வெந்நீரும் எண்ணெயும்? ஒருமுறை நான் அதைக் கேட்டேன்.

“இருக்கிற வரைக்கும் அது என் பொறுப்புடா, தம்பி. பராமரிக்காத துப்பாக்கி எப்போ வெடிக்கும்னு அதுக்கே தெரியாது” என்றார். பிறகு, கம்பியை இழுத்துக்கொண்டே, “துடைக்கிறப்பல்லாம் அந்தப் புள்ள இருமினது ஞாபகத்துக்கு வருதில்ல? அது மறந்துபோச்சுன்னா, அன்னிக்கு இதை ஒப்படைச்சிடணும்” என்றார்.

அவர் துடைத்தது குழலை மட்டுமல்ல என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

பாரதத்தில் அசுவத்தாமனுக்கும் அருச்சுனனுக்கும் ஒரே அஸ்திரம் தெரியும். இருவருக்கும் அதை விடத் தெரிந்திருந்தது. திரும்ப அழைக்க அருச்சுனனுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. ஆயுதம் வைத்திருக்கும் தகுதி எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்: விடத் தெரிவது அன்று, தாழ்த்தத் தெரிவது. சட்டம் ஒருவனுடைய வயதைக் கேட்கிறது, நடத்தையை விசாரிக்கிறது, வீட்டில் பூட்டு இருக்கிறதா என்று பார்க்கிறது. அதற்கு மேல் சட்டத்தால் பார்க்க முடியாது. அந்த மிச்சத்தை அவனவன்தான் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் என்னிடம் கேட்டுக்கொண்டேன். விடை உடனே வரவில்லை. சில நாள் கழித்து, பெரம்பலூர்ப் பழைய பேருந்து நிலையத்தருகே கிடைத்தது. ஒரு வாலிபன் மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்து என்னை உரசிவிட்டு, என்னையே திட்டிவிட்டுப் போனான். என் கையில் குடை இருந்தது. அதை ஓங்கிக்கொண்டு நான் நாலு அடி ஓடினேன். ஓடிவிட்டேன் என்பது ஓடிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. “யாரது?” என்று மனத்துக்குள் ஒரு தரங்கூட நான் கேட்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல், நாலு பேர் மதிக்கிற எழுத்தாளன், நடுத்தெருவில் குடையோடு நின்றேன். அது குடையாக இருந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள், உரிமம் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். மருமகனுக்குத் தெரிவித்தபோது, “உங்கள் இஷ்டம், மாமா” என்றான். அவனை நான் குறை சொல்லவில்லை. அவன் வாழும் உலகம் வேறு. அவனுக்குள்ள அச்சமும் வேறு. ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன். வருகிற ஆயுத பூஜையன்று பாட்டரியை மாற்றும்போது, பெரிய தாத்தாவின் பரணையும் அந்தப் பையனையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளச் சொன்னேன். “சரி” என்றான். கொஞ்சம் பொறுத்து, “அந்தப் பையன் பெயர் என்ன, மாமா?” என்று கேட்டான்.

சொன்னேன்.

காவல் நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு சந்தேகம் எழுந்தது. தேர்தல் முடிந்து அத்தனை பேரும் வாங்கிப் போன பிறகும் பெரியப்பா ஏன் போகவில்லை? முழங்கால் வலி என்று பெரியம்மா சொல்கிறாள். அப்படியே இருக்கட்டும். வயது எண்பதை நெருங்கிவிட்டது. சில நாட்களாக அவருக்குப் பெயர்களும் முகங்களும் மறக்கத் தொடங்கியிருந்தன என்பதும் எனக்குத் தெரியும்.